தாசில்தாரும் ஒரு ஈசி சேரும்: மூத்திர வாடையை மனிதர்கள் விரட்டிய வரலாறு

சற்று நீண்ட பதிவு. சாவகாசமாக இருக்கும்போது படியுங்கள். சாப்பிடும் நேரத்தில் மட்டும் வேண்டாம், விஷயம் அப்படி.

எங்கள் வீட்டுப் பூனையின் பெயர் தாசில்தார். என் வீட்டுக்காரர் வருவாய்த் துறையில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். "முப்பது வருஷம் தாசில்தார் முன்னாடி கோப்போட நின்னேன். ஒரு தாசில்தாராவது என் மடியில உக்காரட்டும்" என்று சொல்லி வைத்த பெயர். கூப்பிடுவது தாசில். ஒன்பது வயது ஆண் பூனை. கொல்லைப்புறத்தில் ஒரு மணல் தட்டு உண்டு. குட்டியாக வந்த நாளிலிருந்து அதைத் தவிர வேறு எங்கும் அசிங்கம் செய்ததில்லை.

போன ஆவணியில் என் வீட்டுக்காரர் தவறிவிட்டார். ஐப்பசி மழை பிடித்ததும் கூடத்தில் ஒரு வாடை. முதலில் எலி செத்துக் கிடக்கிறதோ என்று தேடினேன். பிறகுதான் தெரிந்தது, அவருடைய ஈசி சேர். தேக்குச் சட்டம், பச்சைக் கோடு போட்ட கித்தான். கித்தானின் கீழ்ப்பாதியிலும், அதற்கு நேர் கீழே சிவப்பு சிமெண்டுத் தரையிலும் தாசில் தினமும் போயிருக்கிறது.

மகன் சென்னையில் இருக்கிறான். போனில் சொன்னேன். "சேரைத் தூக்கி வெளியே போடுங்கம்மா. பூனையை யார்கிட்டயாவது கொடுத்துடுங்க. பொங்கலுக்குக் குழந்தையைக் கூட்டிட்டு வரணும்ல" என்றான். அவன் சொன்னதில் தப்பில்லை. ஆனால் எனக்கு இரண்டும் முடியாது.

எனக்குத் தெரிந்த எல்லாம் செய்து பார்த்தேன். சாம்பிராணி போட்டேன். சாம்பிராணி வாடையும் மூத்திர வாடையும் சேர்ந்து மூன்றாவதாக ஒரு வாடை வந்தது. என் அம்மா காலத்தில் இந்தத் தொல்லையே இல்லை. அது மண் தரை. ஆட்டுக்குட்டியோ குழந்தையோ மூத்திரம் போனால் அந்த இடத்து மண்ணைச் சுரண்டிக் கொட்டிவிட்டு, புது மண் வைத்துத் தட்டிச் சாணம் போட்டு மெழுகிவிடுவார். வாடை பிடித்த தரையே வீட்டை விட்டுப் போய்விடும். சிமெண்டை அப்படிச் சுரண்ட முடியாது. கல் மாதிரித் தெரிந்தாலும் அதில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. ஈரம் உள்ளே இறங்கிக் காய்ந்து கிடக்கும், மழைக்காலத்தில் ஈரக்காற்று பட்டதும் திரும்பி வரும்.

நான் இடைநிலை ஆசிரியை. ஆசிரியர் பயிற்சிப் பட்டயத்தோடு படிப்பை நிறுத்தியவள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சமூக அறிவியல் எடுத்தே காலம் போனது. எதையும் புரிந்துகொள்ள எனக்குத் தெரிந்த ஒரே வழி, அது எங்கிருந்து வந்தது என்று தேடுவது. வீட்டில் தனியாக இருக்கிறேன், இரவில் தூக்கமும் குறைவு. அந்த மாதம் முழுக்க இதையே படித்துக்கொண்டிருந்தேன்.

ரோமாபுரியிலிருந்து தொடங்குகிறேன். அங்கே துணி வெளுப்பவர்கள் மூத்திரத்தைச் சேகரித்து, புளிக்க வைத்து, தொட்டியில் ஊற்றித் துணியைப் போட்டுக் காலால் மிதித்தார்கள். பழைய மூத்திரத்தில் அம்மோனியா உண்டாகும், அது எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும். வெஸ்பாசியன் பேரரசர் (ஆட்சி கி.பி. 69 முதல் 79 வரை) இந்த மூத்திரத்துக்கு வரி போட்டார். மகன் டைட்டஸ் முகம் சுளித்தபோது, வரியில் வந்த காசை அவன் மூக்கருகே நீட்டி, இது நாறுகிறதா என்று கேட்டாராம். சூட்டோனியஸ் எழுதிவைத்த கதை. நமக்கு நாற்றமாக இருக்கும் அதே அம்மோனியா அவர்களுக்குச் சோப்பு. இன்றும் கடையில் விற்கும் சில கண்ணாடித் துடைப்பான்களில் அம்மோனியா இருக்கிறது. பூனை போன இடத்தை அதை வைத்துத் துடைத்தால், வேறொரு பூனை இங்கே போயிருக்கிறது என்று நினைத்து நம் பூனை மறுபடியும் அங்கேயே போகும்.

அடுத்து பிளீச்சிங் பவுடர். குளோரின் வாயுவை 1774இல் ஸ்வீடனில் ஷீலே கண்டறிந்தார். அது துணியை வெளுக்கும் என்பதைப் பிரான்சில் பெர்த்தொலே காட்டினார். 1799இல் ஸ்காட்லாந்தின் சார்லஸ் டென்னன்ட் அதைச் சுண்ணாம்போடு சேர்த்துத் தூளாக்கிக் காப்புரிமை வாங்கினார். அதுவரை அது துணிச் சாயம் சம்பந்தப்பட்ட சரக்குதான். வாடைக்கு அதைக் கொண்டுவந்தவர் பாரிஸ் நகரத்து மருந்தாளுநர் லாபராக். அப்போது ஆட்டுக் குடல், மாட்டுக் குடலைச் சுத்தம் செய்து இசைக் கருவிகளுக்கு நரம்பு திரிக்கும் பட்டறைகள் அங்கே இருந்தன. அந்த நாற்றத்தில் வேலை செய்தவர்கள் பாடு சொல்லி முடியாது. அதற்கு வழி கண்டுபிடிப்பவருக்கு ஒரு சங்கம் பரிசு அறிவித்தது. லாபராக் குளோரின் கரைசலால் அந்த நாற்றத்தைப் போக்கி 1820இல் பரிசு வாங்கினார். 1824இல் மன்னர் பதினெட்டாம் லூயி உடல் அழுகிய நிலையில் இறந்தபோது, அரண்மனையில் நாற்றம் போக்க அவரைத்தான் கூப்பிட்டார்கள். குடல் பட்டறைக்கும் மன்னருக்கும் ஒரே மருந்து.

அந்தக் காலத்து மருத்துவர்கள் நாற்றமே நோய் என்று நம்பினார்கள். 1858 கோடையில் லண்டனில் தேம்ஸ் நதி நாறியபோது, நாடாளுமன்றத்தின் திரைச்சீலைகளை இந்தச் சுண்ணாம்புக் கரைசலில் நனைத்துத் தொங்கவிட்டார்கள். திரைச்சீலைக்கு மசியாத நாற்றம் கடைசியில் லண்டனுக்குப் பாதாளச் சாக்கடை வாங்கிக்கொடுத்தது, அது தனிக் கதை.

இதையெல்லாம் படிப்பதற்கு முன்னாலேயே நான் பிளீச்சிங் பவுடரைக் கரைத்து அந்தத் தரையில் ஊற்றிவிட்டேன். பள்ளிக்கூடக் கழிப்பறைக்கு ஊற்றிய பழக்கம். ஊற்றியதும் கண் எரிந்து தொண்டை கமறியது, வாசலுக்கு ஓடி வந்துவிட்டேன். மூத்திரத்தில் இருக்கும் அம்மோனியாவும் குளோரினும் சேர்ந்தால் குளோரமைன் என்ற வாயு வருகிறது. நெஞ்சுக்கு ஆகாதது. எத்தனை பள்ளிக்கூடக் கழிப்பறைகளில், கதவு மூடிய சின்ன அறைகளில், ஆயாம்மாக்கள் இதைச் சுவாசித்திருப்பார்கள்! நான்தான் சாமான் பட்டியலில் பிளீச்சிங் பவுடர் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு வாங்கிக் கொடுத்தவள். அவர்கள் இருமியபோது "தண்ணி குடிங்க" என்று சொல்லியிருக்கிறேன், அவ்வளவுதான்.

மூன்றாவதாகச் செய்தது இதைவிட மோசம். கருப்பு பினாயில்.

அதற்கும் ஒரு பரம்பரை உண்டு. நிலக்கரித் தாரிலிருந்து 1834இல் ருங்கே என்ற ஜெர்மானியர் கார்பாலிக் அமிலத்தைப் பிரித்தார். இங்கிலாந்தில் கார்லைல் என்ற ஊரில் சாக்கடை நாற்றம் போக அதை ஊற்றினார்கள். அந்தச் செய்தியைக் கேள்விப்பட்டுத்தான் ஜோசப் லிஸ்டர் 1865இல் காயத்துக்கு அதைப் போட்டுக் கட்டினார். அறுவை சிகிச்சையில் செத்துக்கொண்டிருந்தவர்கள் பிழைக்க ஆரம்பித்தார்கள். மருத்துவ வரலாற்றின் பெரிய திருப்பம் ஒரு சாக்கடை நாற்றத்திலிருந்து வந்தது. 1877இல் ஜான் ஜேய்ஸ் என்ற ஆங்கிலேயர் தாரிலிருந்து செய்த கிருமிநாசினி நீருக்குக் காப்புரிமை வாங்கினார். தண்ணீரில் விட்டால் பால் மாதிரி வெளுக்கும் நம் கருப்பு பினாயில் அந்த வம்சம்தான். ஆஸ்பத்திரி, ரயில் நிலையம், பள்ளிக்கூடம் எல்லா இடத்திலும் அந்த வாசனைதான் சுத்தத்தின் வாசனை என்று நாம் பழகிவிட்டோம். நானும் அப்படித்தான் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தேன்.

தரை முழுக்கப் பினாயில் விட்டுத் துடைத்தேன். தாசில் ஈரத்தில் நடந்தது, பிறகு உட்கார்ந்து பாதத்தை நக்கியது. சாயங்காலம் வாயில் எச்சில் ஒழுகுகிறது, பின்னங்கால் தள்ளாடுகிறது. ஆட்டோ பிடித்துக் கால்நடை மருத்துவரிடம் ஓடினேன். சின்ன வயதுப் பெண். பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "டீச்சர், வீட்ல தரையை எதை வச்சுத் துடைச்சீங்க?"

ஃபீனால் வகைப் பொருள்கள் உடம்புக்குள் போனால் மனிதக் கல்லீரல் ஒரு நொதியின் (என்சைம் என்பார்கள்) உதவியால் அதை மாற்றி வெளியேற்றும். பூனைக்கு அந்த நொதிக்கான மரபணு சிதைந்து வேலை செய்யாமல் கிடக்கிறது. 2000ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில் அது தெளிவானது. நமக்குச் சாதாரணமான பாராசிட்டமால் மாத்திரை பூனையைக் கொல்வதற்கும் அதுதான் காரணம். பூனைக்குக் காய்ச்சல் என்று யாரும் பாதி மாத்திரை கொடுத்துவிடாதீர்கள்.

இரண்டு நாள் குளுக்கோஸ் ஏற்றினார்கள். பிழைத்துக்கொண்டது. அதோடு மூத்திரத்தையும் பரிசோதித்தார் அந்த டாக்டர். பையில் அழற்சி. மணல் தட்டில் போகும்போது வலித்திருக்கிறது, தட்டுதான் வலிக்குக் காரணம் என்று நினைத்து வேறு மெத்தென்ற இடம் தேடியிருக்கிறது. "வீட்ல சமீபத்துல ஏதாவது மாற்றம் உண்டா டீச்சர்? மனக்கலக்கத்துல கூடப் பூனைங்களுக்கு இது வரும்" என்றார். நான் பதில் சொல்லவில்லை. அவரே என் கழுத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டார். ஆண் பூனை மூத்திரம் போக முக்கிக்கொண்டே இருந்து சொட்டும் வராவிட்டால் மறுநாள் பார்க்கலாம் என்று விடக்கூடாது, ஓரிரு நாளில் உயிர் போய்விடும் என்றும் சொல்லி அனுப்பினார்.

சரி, வாடை என்பது உண்மையில் என்ன? இதைக் கேட்ட பிறகுதான் வழி பிறந்தது. மூத்திரத்தில் முக்கியமாக இருப்பது யூரியா. வயலுக்குப் போடும் யூரியாவேதான். 1828இல் வோலர் என்ற ஜெர்மானியர், உயிருள்ள உடம்பில் மட்டுமே உண்டாகும் என்று நினைத்திருந்த யூரியாவைச் சோதனைக் குழாயில் செய்துகாட்டினார். சிறுநீரகமே இல்லாமல் யூரியா செய்துவிட்டேன் என்று தன் குரு பெர்சீலியசுக்குக் கடிதம் எழுதினார். யூரியாவுக்கு வாடை கிடையாது. மூட்டையைப் பிரித்து முகர்ந்து பாருங்கள். ஆனால் ஈர மண்ணில் தூவி மேலாகவே விட்டால் மூக்கைத் துளைக்கும். மண்ணில் இருக்கும் நுண்ணுயிர்கள் யூரியேஸ் என்ற நொதியால் அதை உடைத்து அம்மோனியா ஆக்குவதால் வருவது அது. விவசாயிக்கு அது உரம் வீணாவது, எனக்குக் கூடத்தில் வாடை. இரண்டும் ஒன்றுதான்.

அந்த யூரியேசைப் பிடித்தவர் கதையைச் சொல்லாமல் போக முடியாது. ஜேம்ஸ் சம்னர், அமெரிக்கர். 17 வயதில் வேட்டைக்குப் போன இடத்தில் குண்டு பட்டு இடது கை போய்விட்டது. அவருக்கு இடது கைப் பழக்கம். வலது கையால் எழுத, எல்லாம் செய்யப் பழகினார். ஹார்வர்டில் வேதியியல் படிக்கப் போனபோது, ஒற்றைக் கைக்காரருக்கு வேதியியல் சரிப்படாது, சட்டம் படியுங்கள் என்று பேராசிரியர் சொன்னார். (இப்படி ஒரு வார்த்தை நானும் ஒரு பையனிடம் சொல்லியிருக்கிறேன். இப்போது அவன் என்ன செய்கிறான் என்று தெரியவில்லை.) சம்னர் கேட்கவில்லை. கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1917இல் தொடங்கி ஒன்பது வருடம் ஜாக் பீன் என்ற ஒரு அவரை மாவைக் கரைத்து வடிகட்டிக்கொண்டிருந்தார். நம்மூர் வாளவரைக்கு ஒன்றுவிட்ட தம்பி அது. ஆய்வகத்தில் குளிர்ப்பெட்டி கிடையாது. இரவில் குடுவைகளை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டுக் குளிர் வர வேண்டுமே என்று வேண்டிக்கொள்வார்களாம். 1926இல் படிகம் கிடைத்தது. நொதி என்பது ஒரு புரதம் என்று உலகத்துக்கு முதலில் காட்டியது அந்தப் படிகம்தான். ஜெர்மனியின் பெரிய வேதியியலாளர்கள் நம்பவில்லை. இருபது வருடம் கழித்து, 1946இல், நோபல் பரிசு வந்தது.

பூனைக்கு யூரியா போதாதென்று இன்னொரு சரக்கும் உண்டு. 1950களில் பிரிட்டனில் பூனை மூத்திரத்தில் கந்தகம் கலந்த ஒரு அமினோ அமிலத்தைக் கண்டுபிடித்து ஃபெலினின் என்று பெயர் வைத்தார்கள். அது உண்டாக ஒரு புரதம் உதவுகிறது என்று 2006இல் மியாசாகி என்ற ஜப்பானியரும் அவருடைய குழுவினரும் காட்டினார்கள். ஃபெலினினுக்கு அதிக வாடை இல்லை. அது மெதுவாகச் சிதையும்போதுதான் அந்தக் கந்தக வீச்சம் கிளம்பும். நாளாக நாளாக வாடை குறையாமல் கூடிக்கொண்டே போவது அதனால்தான். கருத்தடை செய்யாத ஆண் பூனைகளிடம் இது மிக அதிகம்.

அப்படியென்றால் வாடையை மூடுவதோ எரிப்பதோ வழியல்ல, வாடை கொடுக்கும் பொருளைச் சிறு சிறு துண்டாக வெட்டிப்போடுவதுதான் வழி. வெட்டுவதற்குக் கத்தரிக்கோல் எது? அதுவும் நொதிதான். ஒரு நொதி கிளப்பிய வாடையை வேறு நொதிகள் அடக்குகின்றன. அதை வீட்டுச் சலவைக்கு முதலில் கொண்டுவந்தவர் யார் என்று தேடியபோதுதான் வாய்விட்டுச் சிரித்தேன். அந்தக் கதை நாய்ப் பீயில் ஆரம்பிக்கிறது.

ஆம்பூர், வாணியம்பாடி வழியாகப் பயணம் செய்தவர்களுக்குத் தோல் பதனிடும் வாடை தெரியும். ஐரோப்பாவில் பழைய காலத்தில் தோலை மென்மையாக்க நாய்ப் பீயைக் கரைத்து அதில் ஊறவைப்பார்கள். லண்டன் தெருக்களில் அதை வாளியில் பொறுக்கித் தோல் பட்டறைக்கு விற்றுப் பிழைத்தவர்கள் இருந்தார்கள், வயதான பெண்கள் உட்பட. ஹென்றி மேஹ்யூ என்ற பத்திரிகையாளர் அவர்களைப் பற்றி எழுதியிருக்கிறார். அந்தச் சரக்குக்கு வியாபாரப் பெயர் என்ன தெரியுமா? 'ப்யூர்'. சுத்தம்!

ஜெர்மனியில் ஓட்டோ ரோம் என்ற வேதியியலாளர், இந்த அசிங்கம் தோலில் என்ன வேலை செய்கிறது என்று யோசித்தார். செரிமான நொதிகள் தோலில் இருக்கும் தேவையற்ற புரதத்தைத் தின்கின்றன என்று கண்டு, 1907இல் கால்நடைகளின் கணையத்திலிருந்து எடுத்த நொதியை அதற்குப் பதிலாகக் கொண்டுவந்தார். தோல் பட்டறையில் நாய்ப் பீக்கு வேலை போயிற்று. பிறகு, தோலில் புரதத்தைத் தின்பது துணிக் கறையில் தின்னாதா என்று கேட்டு, 1913இல் நொதி கலந்த சலவைப் பொருளுக்குக் காப்புரிமை வாங்கினார். பர்னஸ் என்ற பெயரில் விற்றார்கள். சோடாக் காரத்தில் அந்த நொதி சீக்கிரம் செயலிழந்துவிடும், அதனால் பெரிதாக ஓடவில்லை. 1960களில் டென்மார்க்கின் நோவோ நிறுவனம் காரத்தைத் தாங்கும் நொதியைப் பாக்டீரியாவிலிருந்து எடுத்த பிறகுதான் அது வீடு வீடாகப் போனது. இன்று நாய், பூனை வாடைக்கு விற்கும் நொதி பாட்டில் இந்த வழியில் வந்த பேரப்பிள்ளை. நாய் கொடுத்த பாடத்தை வைத்தே நாயின் கறையை எடுக்கிறோம்.

மணல் தட்டு பற்றியும் ஒரு வார்த்தை. அமெரிக்காவில் 1947 ஜனவரியில் பனி உறைந்து மணல் கிடைக்காமல், ஒரு பெண்மணி பூனைக்கு அடுப்புச் சாம்பல் போட்டிருக்கிறார். வீடெல்லாம் கரிக் கால் தடம். மிச்சிகன் மாநிலத்தில் எட் லோ என்ற பக்கத்து வீட்டு இளைஞரிடம் மணல் கேட்டார். அவர் தன்னிடம் இருந்த ஒரு வகை உறிஞ்சும் களிமண்ணைக் கொடுத்தார். அது பிடித்துப்போய் மறுபடியும் கேட்டு வர, லோ ஐந்து பவுண்டு பை 65 சென்ட் என்று விற்கத் தொடங்கினார். 'கிட்டி லிட்டர்' பிறந்தது. அந்தக் களிமண் எது என்றால், ஃபுல்லர்ஸ் எர்த். ஃபுல்லர் என்றால் துணி வெளுப்பவர். ரோமாபுரியில் மூத்திரத் தொட்டியில் மிதித்தவர்களும் இந்த வகை மண்ணைத்தான் போட்டுத் துணியிலிருந்து பிசுக்கு எடுத்தார்கள். நம் பெண்கள் முகத்தில் பூசிக்கொள்ளும் முல்தானி மெட்டியும் அதுதான்.

இனி என் கூடத்துக்கு வருகிறேன். பேரன் ஆன்லைனில் ஒரு நொதி பாட்டில் அனுப்பிவைத்தான். முதலில் பச்சைத் தண்ணீரால் தரையைப் பல தடவை கழுவி, பினாயில், பிளீச்சிங் மிச்சத்தை எடுத்தேன். அவை இருந்தால் நொதி வேலை செய்யாது. வெந்நீர் கூடாது, சூட்டில் நொதி கெடும். பிறகு மூத்திரம் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்குமோ அவ்வளவு இறங்கும்படி தாராளமாக ஊற்றி, ஈரத்துணி போட்டு மூடி ஒரு நாள் விட்டேன். தெளித்துவிட்டு உடனே துடைத்தால் காசுதான் வீண். காய்ந்த பிறகு முகர்ந்தேன். பாதி இருந்தது. இரண்டாம் முறை, கால்வாசி. மூன்றாம் முறைக்குப் பிறகு குனிந்து மூக்கை வைத்தால்தான் தெரிந்தது. தேக்குச் சட்டத்தில் ஊறிய இடத்தை ஆசாரி உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பாலிஷ் அடித்துக் கொடுத்தார்.

கித்தானைக் கழற்றினேன். மேல்பக்கம், தலை சாயும் இடத்தில், அவர் தேய்க்கும் எண்ணெய்க் கறை. அந்த பாட்டில் கறையும் எடுக்கும் என்று போட்டிருந்தது. அதனால் மேல்பாதியைச் சுருட்டிப் பிளாஸ்டிக் பையில் கட்டி வாளிக்கு வெளியே தொங்கவிட்டு, கீழ்ப்பாதியை மட்டும் இரண்டு நாள் ஊறவைத்தேன். வேலைக்கு வரும் பெண், "என்ன டீச்சர், முழுசா முக்க வேண்டியதுதானே?" என்றாள். வாளி சின்னது என்று சொல்லிவிட்டேன்.

தாசிலுக்கு மருந்து ஒரு மாதம். மணல் தட்டைப் புதிதாக வாங்கி, வேறு இடத்தில் வைத்தேன், தட்டு மேல் அதற்கிருந்த பயம் போகட்டும் என்று. கருத்தடையும் செய்தாயிற்று, ஒன்பது வயதில். அவர் இருந்திருந்தால் தாசில்தாருக்குக் கட்டாய ஓய்வா என்று கேட்டிருப்பார்.

பொங்கலுக்கு மகன் வந்தான். பையை வைத்துவிட்டு, பேசிக்கொண்டே போய் அந்தச் சேரில் சாய்ந்தான். நான் சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் சொல்லவில்லை. சற்று நேரம் கழித்துத் தலையைத் திருப்பி, கித்தானின் மேல்பக்கத்தை முகர்ந்தான். "அப்பா எண்ணெய் வாசனை இன்னும் இருக்கும்மா" என்றான்.

தாசில் அவனுக்கு எதிரில் உட்கார்ந்து, எப்போது எழுந்திருப்பான் என்று பார்த்துக்கொண்டிருந்தது.